பழைய மியூசிக் ஸ்ட்ரீமரை செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "பத்து, பதினைந்து வருஷம் பழைய ஸ்ட்ரீமர் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?" என் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இப்படி வந்த பெட்டிகள்தான். சில வாங்குதல்கள் வருஷக்கணக்கில் சந்தோஷம் தந்தன, ஒன்றிரண்டில் பணம் போனது. அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஸ்ட்ரீமர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ பாட்டை வாங்கி, ஆம்ப்புக்குக் கொடுக்கும் பெட்டி. சிலவற்றில் ஆம்ப்பும் உள்ளேயே இருக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும்.

முப்பது வருஷம் பழைய ஆம்ப்பை நம்பி வாங்குகிறோம். ஸ்ட்ரீமருக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

ஆம்ப்புக்கு வெளியே யாருடைய தயவும் தேவையில்லை. கண்டென்சர் வீங்கினால் மாற்றிக்கொள்ளலாம், வால்யூம் கன்ட்ரோல் கரகரத்தால் சுத்தம் செய்துகொள்ளலாம். ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அதன் பாதி உயிர் உங்கள் வீட்டில், மீதி பாதி யாரோ நடத்தும் சர்வரில். அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டால், கீறல்கூட இல்லாத பெட்டியானாலும் வாய் திறக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். இணைய ரேடியோக்களில் பல பிராண்டுகள் ரெசிவா என்ற ஒரே சேவையின் நிலையப் பட்டியலை நம்பியிருந்தன. 2021 ஏப்ரல் 30-ல் அது மூடப்பட்டது. வெவ்வேறு பெயர்களில் விற்ற ரேடியோக்களெல்லாம் ஒரே சமயத்தில் நிலையப் பட்டியலை இழந்தன.

இன்னொன்று சர்டிஃபிகேட். இணையத்தில் எதிரே பேசுவது உண்மையான ஆள்தானா என்று பெட்டி சரிபார்க்கும் அடையாளச் சீட்டு அது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30-ல் இலவசமாகச் சர்டிஃபிகேட் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்திவந்த பழைய ரூட் சர்டிஃபிகேட் (மற்ற சீட்டுகளுக்கெல்லாம் அடிப்படையான தாய்ச் சீட்டு) ஒன்று காலாவதியானபோது, அப்டேட் நின்றுபோன எத்தனையோ கருவிகள் பல தளங்களோடு பேச முடியாமல் போயின. கூகுளின் குட்டி ஸ்ட்ரீமரான குரோம்காஸ்ட் ஆடியோவுக்கும் இதே கதை நடந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, ஒலிபரப்பும் முறையே மாறுவது. பிபிசி 2023-ல் தன் ரேடியோக்களின் பழைய ஸ்ட்ரீம் வடிவத்தை நிறுத்திவிட்டுப் புதிய முறைக்குப் போனது. புதிய முறை தெரியாத பழைய ரேடியோக்களில் பிபிசி நின்றுபோனது.

அப்படியானால் வாங்கவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன். தயாரித்த கம்பெனி நாளைக் காலையில் இல்லாமல் போனால், இந்தப் பெட்டி என் வீட்டில் என்ன செய்யும்?

என் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டைத் தானாக எடுத்துப் பாடும் என்றால் நல்ல பெட்டி. ஆப்டிகல் (ஒளி வழியாக டிஜிட்டல் ஒலியை அனுப்பும் கேபிள்) வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ வேறு கருவியிலிருந்து ஒலியை வாங்கிக்கொள்ளும் என்றாலும் பரவாயில்லை. கம்பெனியின் ஆப்பில் லாகின் செய்தால்தான் எழுந்திருக்கும் என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

விலை பேசும்போதும் இதே கணக்குதான். இணையச் சேவைகள் எல்லாவற்றுக்கும் சுழியம் போடுங்கள். டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பகுதி), பவர் சப்ளை, உள்ளே ஆம்ப் இருந்தால் அது, நல்ல கேபினெட், பட்டன் உள்ள ரிமோட், இவற்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள். இன்றைக்கு ஸ்பாட்டிஃபை ஓடுகிறதா? சந்தோஷம். அதற்குத் தனிக் காசு கிடையாது.

போஸ் சவுண்ட்டச் ஒன்று வருகிறது. இந்தக் கணக்கில் அது எங்கே நிற்கும்?

2013-ல் வந்த வைஃபை ஸ்பீக்கர் வரிசை அது. அதன் கிளவுட் சேவையை 2026-ல் நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரில் போஸ் அறிவித்தது. ஆக்ஸ் (ஒயர் வழி உள்ளீடு), புளூடூத் போன்றவை வேலை செய்யும். ஆனால் பெட்டியின் மேலேயே இருக்கும் ஆறு பிரீசெட் பட்டன்கள் (பிடித்த நிலையத்தை ஒரே அழுத்தில் எடுப்பவை) கிளவுடை நம்பியவை. ஸ்பீக்கராக மட்டும் நினைத்து, ஸ்பீக்கரின் விலைக்குக் கிடைத்தால் எடுங்கள்.

தைரியமாக வாங்கச் சொல்லும் பழைய பெட்டி ஏதாவது உண்டா?

உண்டு, ஸ்க்வீஸ்பாக்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பழைய பெட்டி எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பெனி 2001-ல் ஸ்லிம்ப்3 என்ற பிளேயரை வெளியிட்டது. 2003-ல் முதல் ஸ்க்வீஸ்பாக்ஸ் வந்தது. 2006-ல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. டூயட், பூம், ரேடியோ, டச் என்று ஒவ்வொன்றாக வந்து, 2012-ல் லாஜிடெக் மொத்த வரிசையையும் நிறுத்தியது. இணையச் சேவைக்காக வைத்திருந்த மைஸ்க்வீஸ்பாக்ஸ் தளமும் 2024-ல் மூடப்பட்டது. வேறு பிராண்டாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. இந்தப் பெட்டிகளின் மூளை பெட்டியில் இல்லை, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சர்வர் மென்பொருளில் இருக்கிறது. அது ஆரம்பத்திலிருந்தே திறந்த மூல மென்பொருள். லாஜிடெக் விலகிய பிறகும் பயனர்கள் அதை விடாமல் வளர்த்தார்கள். லாஜிடெக் மீடியா சர்வர் என்றிருந்த பெயர் 2024-ல் லிரியன் மியூசிக் சர்வர் ஆனது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இணைய ரேடியோவுக்கான வேலையையும் இப்போது அந்த சர்வரே பார்த்துக்கொள்கிறது. புதுச் சேவை வந்தால் யாராவது ஒருவர் அதற்கான பிளகின் (கூடுதல் மென்பொருள் துண்டு) எழுதுகிறார். இருபது வருஷம் பழைய பெட்டிக்கு அவ்வப்போது சர்வர் வழியாகப் புதுத் திறமை வந்து சேர்வதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஸ்க்வீஸ்பாக்ஸில் எந்த மாடல்?

நல்ல ஆம்ப் இருந்தால் டச். 2010-ல் வந்தது. வண்ணத் தொடுதிரை, ஆப்டிகல், கோஆக்சியல், ஆர்சிஏ, ஹெட்ஃபோன் எல்லாம் உண்டு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை (டிஜிட்டல் ஒலியின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்கள், சுருக்கமாக 24/96) நேரடியாகப் பாடும். பென்டிரைவ் அல்லது எஸ்டி கார்டைச் செருகினால் தனி சர்வர் இல்லாமலே சமாளிக்கும், கொஞ்சம் மெதுவாக.

அதற்கு முந்தைய ஸ்க்வீஸ்பாக்ஸ் கிளாசிக்கும் நல்லதுதான். ஆனால் அதன் ஒளிரும் டிஸ்ப்ளே வருஷங்கள் ஆக ஆக மங்கும். விற்பவர் அனுப்பும் போட்டோ இருட்டறையில் எடுத்ததா என்று கவனியுங்கள், வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். டூயட் வாங்குவதானால் ரிசீவரும் கன்ட்ரோலரும் சேர்ந்தே வர வேண்டும். ரிசீவரில் திரையே கிடையாது. அது மட்டும் தனியாக வந்தால் நெட்வொர்க்கில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வயதான அம்மா அப்பாவுக்கு என்றால், ஸ்பீக்கரோடு வரும் ஸ்க்வீஸ்பாக்ஸ் ரேடியோ. அதில் ஆறு பிரீசெட் பட்டன் இருக்கிறது. முதல் பட்டனில் ஆகாசவாணியின் இணைய ஒலிபரப்பு, இரண்டாவதில் சுப்ரபாதம், மூன்றாவதில் பழைய பாட்டு என்று வைத்துக் கொடுத்துவிடலாம். போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, தேடி என்று எதுவும் வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மனதார சிபாரிசு செய்வேன்.

பழைய சோனோஸ்?

பல அறைப் பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாகப் பாட வைக்கும் பிராண்ட் சோனோஸ். 2020-ல் அது தன் மென்பொருளை எஸ்1, எஸ்2 என்று இரண்டாகப் பிரித்தது. ஸோன்பிளேயர்கள், முதல் தலைமுறை ப்ளே:5, முதல் தலைமுறை கனெக்ட், கனெக்ட்:ஆம்ப் எல்லாம் எஸ்1-லேயே நின்றுவிட்டன. எஸ்1 பெட்டியையும் எஸ்2 பெட்டியையும் ஒரே குழுவில் சேர்த்துப் பாட வைக்க முடியாது. வீட்டில் புது சோனோஸ் இருப்பவர் பழையதை வாங்கினால் இரண்டு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. புதுசுக்கு 30 சதவீதத் தள்ளுபடி வாங்குவதற்காகப் பழையதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் 'ரீசைக்கிள் மோட்' ஒன்று இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி முடக்கப்பட்ட பெட்டி உங்கள் கையில் வந்து சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் முன்னால் பாடிக் காட்டாத சோனோஸை வாங்காதீர்கள்.

குரோம்காஸ்ட் ஆடியோ, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் போன்ற குட்டிப் பெட்டிகள்?

குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது, 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 24/96 வரை பாடும், ஆப்டிகல் வெளியீடும் உண்டு. ஆனால் செட்டப் செய்ய கூகுள் ஹோம் ஆப் வேண்டும். 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க இந்தப் பெட்டிகள் நின்றுபோயின. உள்ளே வைத்திருந்த பத்து வருஷ சர்டிஃபிகேட் காலாவதியாகிவிட்டது. கூகுள் சில நாட்களில் சரிசெய்து கொடுத்தது, அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பதறிப்போய் ஃபேக்டரி ரீசெட் அடித்தவர்களுக்குத்தான் கூடுதல் கஷ்டம். அவர்கள் ஆப் அப்டேட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிகக் குறைந்த விலைக்கு என்றால் சரி.

ஆப்பிளின் குட்டி வைஃபை ரவுட்டரான ஏர்போர்ட் எக்ஸ்பிரஸை ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சொல்வேன். 2012-ல் வந்த இரண்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும், பார்க்கச் சின்ன வெள்ளைச் சதுர டப்பா. 2018-ல் ஆப்பிள் அதற்கு ஏர்ப்ளே 2 (ஐபோனிலிருந்து வைஃபை வழியாகப் பாட்டு அனுப்பும் முறை) கொடுத்தது, அதுவும் விற்பனையை நிறுத்திய பிறகு. சுவரில் நேராகச் செருகும் முதல் தலைமுறைக்கு அந்த வசதி வரவில்லை. இரண்டாம் தலைமுறையின் 3.5 மில்லிமீட்டர் துளையிலேயே ஆப்டிகலும் ஒளிந்திருக்கிறது. நல்ல டிஏசி ஒன்றோடு சேர்த்தால் சிடி தரத்தில் கேட்கலாம்.

பழைய பெட்டியில் 24/192 வராதே? ஒலியில் குறை தெரியுமா?

நம்மிடம் இருக்கும் பாட்டில் பெரும்பகுதி சிடியிலிருந்து வந்தது, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். 24/48 வரை மட்டும் தெரிந்த பெட்டியும் அதை ஒரு பிட் விடாமல் பாடிவிடும். அதற்கு மேற்பட்ட ஃபைல் வந்தால் லிரியன் சர்வர் போகிற போக்கில் குறைத்து அனுப்பும். எண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். ஸ்பீக்கரை வைக்கும் இடத்தை ஒரு அடி நகர்த்தினால் கேட்கும் வித்தியாசம் இதைவிடப் பெரியது.

எம்க்யூஏ உண்டு என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்.

ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். எம்க்யூஏ என்பது உயர்தர ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு வடிவம். அதை உருவாக்கிய கம்பெனி 2023-ல் நொடித்துப்போனது. முக்கியமாக அதைத் தந்துகொண்டிருந்த டைடல் என்ற பாட்டுச் சேவை 2024 ஜூலையில் அதை விட்டுவிட்டு, தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்துக்கு மாறியது.

கர்நாடகக் கச்சேரி அதிகம் கேட்பேன். நான் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

மிக முக்கியமான ஒன்று உண்டு, விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். இடைவெளி இல்லாமல் அடுத்த டிராக்குக்குப் போகும் வசதி. கேப்லெஸ் என்பார்கள். சிடியில் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருக்கும், ஆனால் பாடியவர் நிறுத்தவில்லை. டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படங்களைப் பகிரும் பொது முறை) வழியாகப் பாடும் பழைய பெட்டிகள் பலவற்றில் ஒவ்வொரு டிராக் முடிந்ததும் அரை நொடி, ஒரு நொடி மௌனம் விழும். தானத்திலிருந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில் தம்பூரா அறுந்து ஒட்டினால் எப்படி இருக்கும்? தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் இப்படி ஆனால் கச்சேரியே கெட்டுவிடும். ஒரு பெட்டியை இந்தக் காரணத்துக்காகவே நான் கைமாற்றிவிட்டேன். ஸ்க்வீஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற எதுவானாலும், பார்க்கப் போகும்போது இப்படி ஒரு ஆல்பத்தைப் பென்டிரைவில் எடுத்துப் போய் இரண்டு டிராக் சேரும் இடத்தைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தால் பழைய பெட்டிகளின் திரையில் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ வரும். போனில் சர்வர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதனால் நான் தமிழிலேயே வைத்திருக்கிறேன், பெட்டியின் திரையைப் பார்ப்பதில்லை.

புது ரவுட்டரோடு பழைய பெட்டி சேருமா?

பழையவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தவை, டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பாதுகாப்பு முறை தெரியாதவை. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-ல், டபிள்யூபிஏ2-வில் வைத்துப் பாருங்கள். ஆனால் கெஸ்டில் இருக்கும் கருவி வீட்டு சர்வரைப் பார்க்க விடாத ரவுட்டர்களும் உண்டு. என் யோசனை, லேன் ஒயர் இழுத்துவிடுங்கள், பாதி தலைவலி அங்கேயே தீரும். இடி மின்னல் காலத்தில் அந்த ஒயரைக் கழற்றி வைப்பதும் பழக்கமாகட்டும். மின்னல் லேன் வழியாகவும் வரும்.

நாஸ் (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய பெட்டிகள் எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டும் பேசும். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். பாட்டுக்காக அதைத் திறந்து வைக்காதீர்கள். டிஎல்என்ஏ சர்வர் ஒன்றை நாஸில் ஓடவிட்டு அந்த வழியாகக் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார். பரவாயில்லையா?

பெட்டியின் பின்னால் இருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் செருகிய நொடியில் புகைதான். உள்ளேயே ஆம்ப் உள்ள கனமான பெட்டிகளில் இது அதிகம். அடாப்டரோடு வரும் சின்னப் பெட்டி என்றால், அதே வோல்ட், போதுமான ஆம்பியர், அதே முனை உள்ள அடாப்டர் இங்கேயே கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் போதும்.

நேரில் பார்க்கும்போது என்னென்ன சோதிப்பது?

முதலில் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி நல்லபடியாகத்தான் பாடும். வயதான பவர் சப்ளையின் குணம் குளிர்ந்த பிறகு எழுப்பும்போதுதான் தெரியும். அப்புறம் அவருடைய வைஃபையை விட்டுவிட்டு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால், செட்டப் பாதை இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் ஒரு முறை ஏமாந்தேன். விற்றவர் வீட்டில் அழகாகப் பாடிய நெட்வொர்க் பிளேயர், என் வீட்டில் புது நெட்வொர்க்கில் சேர வேண்டி வந்தபோது, மூடப்பட்டுவிட்ட ஒரு சர்வரைத் தேடித் தேடி அங்கேயே நின்றுவிட்டது.

ஹெட்ஃபோன் இருந்தால் இரண்டு பக்கமும் கேளுங்கள். ஆப்டிகல் வெளியீட்டில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். ரிமோட் கட்டாயம் வேண்டும், சில பெட்டிகளில் ரிமோட் இல்லாமல் மெனுவுக்குள்ளேயே போக முடியாது. பழைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து அவர் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? புதுசு வாங்கினால் என்ன?

ஸ்பாட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும் போனிலிருந்து கேட்டால் போதும் என்பவருக்குப் புதுசுதான் சரி. வீம் போன்ற சின்னப் பெட்டிகள் வந்த பிறகு, நடுத்தர விலைப் பழைய ஸ்ட்ரீமர்களுக்கு நியாயமே இல்லாமல் போய்விட்டது. கையில் கொஞ்சம் பொறுமை உள்ளவர் ராஸ்பெர்ரி பையில் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளைப் போட்டு, ஸ்க்வீஸ்பாக்ஸ் போலவே இயங்கும் பிளேயரைத் தானே செய்துகொள்ளலாம்.

பழையதை நான் சொல்வது இரண்டு பேருக்கு. சொந்தமாகச் சேர்த்த சிடிகளை ஃபைலாக்கி வைத்து, அதைக் கேட்பதே முதல் வேலை என்பவர். அப்புறம், ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த நல்ல டிஏசியும் கனமான பவர் சப்ளையும் உள்ள பெட்டியை இப்போது நியாயமான விலைக்கு வாங்க நினைப்பவர். அவர் அதன் ஸ்ட்ரீமிங் செத்துப்போனாலும், முன்னால் ஒரு சின்னப் புதுப் பெட்டியை வைத்து ஆப்டிகலில் கொடுத்துவிட்டு, அதையே டிஏசியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் டிஜிட்டல் உள்ளீடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியீடு மட்டும் உள்ளவையும் நிறைய.

வாங்கி வந்துவிட்டேன். இன்றைக்கு என்ன செய்வது?

பாடுகிறதா? அப்படியானால் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். ஃபார்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் என்று திரையில் வந்தாலும் உடனே 'சரி' கொடுக்காமல், அந்த அப்டேட் எதைச் சேர்க்கிறது, எதை எடுக்கிறது என்று தேடிப் படியுங்கள். இப்போது உள்ள செட்டிங்குகளை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் கையேடும் ஃபார்ம்வேர் ஃபைலும் இன்னும் கிடைத்தால் இரண்டையும் இன்றைக்கே இறக்கி, உங்கள் பாட்டு இருக்கும் அதே ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.